சிபிஆர், ஏஇடி பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(திரையில்: "2 மணி நேரத்தில் சிபிஆர் சான்றிதழ், வீட்டிலிருந்தே!")

இளைஞர் குழுத் தன்னார்வலர்களுக்குச் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) பயிற்சி தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த மாதிரி விளம்பரம்தான். வீடியோவைப் பார், பத்துக் கேள்விக்கு டிக் அடி, சான்றிதழை டவுன்லோடு செய். ஒருவர் கைகூடப் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் படவில்லை. இதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பாடத்தை ஆன்லைனில் படிப்பதில் தப்பில்லை. செய்முறைத் தேர்வு மட்டும் நேரில், பொம்மையின் மேல் நடக்க வேண்டும்.

எங்கே தேடுவது? செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பயிற்சி மையங்கள். கடைசியாகச் சொன்னதில் பிஎல்எஸ் என்ற வகுப்பு மருத்துவப் பணியாளர்களுக்கானது. "பெரிய கோர்ஸ்" என்று நினைத்து அதில் சேர வேண்டாம். பொதுமக்களுக்கு ஹார்ட்சேவர் போதும். ஆனால் அதில் குழந்தைகளுக்கான பகுதியும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

(திரையில்: சிறுவர் அளவுப் பொம்மை)

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? பெரியவர் திடீரென்று சரிந்தால் பெரும்பாலும் கோளாறு இதயத்தில்; ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. தண்ணீரில் மூழ்குவது, தொண்டையில் ஏதாவது அடைப்பது என்று முதலில் மூச்சு நிற்கும், பிறகுதான் இதயம் நிற்கும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். ஆகவே 30 அழுத்தம், 2 மூச்சு. நெஞ்சை அழுத்த மட்டும் கற்றுத்தரும் வகுப்பு உங்களுக்கானது அல்ல.

மூச்சு கொடுப்பதில் ஒரு நுணுக்கம்: ஒரு வினாடி ஊதினால் போதும், நெஞ்சு மேலே எழ வேண்டும். எழவில்லையா? தலையை மறுபடி சாய்த்து, தாடையைத் தூக்குங்கள். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும்.

அடுத்த கேள்வி: எத்தனை பேருக்கு ஒரு பொம்மை? இருபது பேருக்கு ஒன்று என்றால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். மூன்று பேருக்கு ஒன்று என்றால் நல்லது. ஆழமும் வேகமும் சரியா என்று விளக்கு எரிந்தோ ஒலித்தோ சொல்லும் பொம்மையாகக் கேளுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ., சிறுவருக்குச் சுமார் 5, கைக்குழந்தைக்குச் சுமார் 4. அதிகம் நடக்கும் தவறு, அழுத்திய பின் நெஞ்சின் மேலேயே சாய்ந்திருப்பது. நெஞ்சு முழுதாக எழும்பினால்தான் இதயத்தில் ரத்தம் திரும்ப நிரம்பும்.

(திரையில்: பயிற்சி ஏஇடி, இரண்டு பேடுகள்)

ஏஇடி என்பது இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி. வகுப்புக்குப் பயிற்சிக் கருவியைக் கொண்டு வருவார்களா, படம் மட்டும் காட்டுவார்களா? கையில் எடுத்துப் பழகாதவர் பதற்றத்தில் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். முதலில் ஆன் செய்ய வேண்டும். மற்றதை அதுவே சொல்லும். நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு பேடு (தோலில் ஒட்டும் தகடு) வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே. 8 வயதுக்கு உட்பட்ட அல்லது 25 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சிறுவர் பேடு. இல்லாவிட்டால் பெரியவர் பேடே போதும், ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

ஷாக் கொடுத்த பிறகு எல்லோரும் கண் திறப்பாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூடாது. கருவி மறுபடி சொல்லும் வரை, சுமார் 2 நிமிடம், அழுத்தத்தைத் தொடர வேண்டும். அவர் தானாக அசைந்து மூச்சு விடத் தொடங்கினால் மட்டும் நிறுத்தலாம். இந்தப் பழக்கத்தை ஊட்டாத பயிற்றுநர் வேண்டாம்.

குழுவிடம் சொந்தமாக ஏஇடி இருந்தால், பேடு உறையில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். ஜெல் காய்ந்துவிட்டால் பேடு தோலில் சரியாக ஒட்டாது. பெட்டியைப் பூட்டிய அலுவலக அறையில் வைப்பதும் அது இல்லாததும் ஒன்றுதான்.

(திரையில்: பதிவேடு)

அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டை 2 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன் எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். ஆனால் கை மறக்க அவ்வளவு காலம் ஆகாது, சில மாதங்களே போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொம்மையில் பத்து நிமிடம் பழகுங்கள். பதிவேட்டில் பெயர், முடிவுத் தேதி, யாருக்குக் குழந்தைப் பகுதி உண்டு என்று குறித்துவைத்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் அட்டை உள்ள இருவரையாவது போடுங்கள்: ஒருவர் நெஞ்சை அழுத்த, மற்றவர் ஏஇடியை எடுக்க ஓட.