பார்க் தியேட்டரும் பக்கத்து மேடையும்

நண்பர்களே, இன்று நாடகம் தொடங்கியதும் அரங்கின் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். 1820களில் நியூயார்க்கின் பார்க் தியேட்டரில் அந்த வழக்கம் இல்லை. நாடகம் முடியும்வரை அரங்கு முழுவதும் வெளிச்சம்தான். மேடையைப் பார்ப்பதைப் போலவே மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய நாடகம் ஒன்று, இடையில் பாட்டும் நடனமும், கடைசியில் ஒரு சிரிப்பு நாடகம் என்று நள்ளிரவை நெருங்கும்வரை நீளும். பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லி வாத்தியக்காரர்களை நோக்கிக் கத்துவார்கள். அதே இடத்தில் முன்பு இருந்த முதல் பார்க் தியேட்டரைப் பற்றி, பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரான வாஷிங்டன் இர்விங் 1802-ல் பத்தொன்பது வயதில் பத்திரிகையில் எழுதினார்: உச்சி மாடி இருக்கைகளான கேலரியிலிருந்து ஆப்பிளும் கொட்டைகளும் கீழே பெஞ்சில் இருப்பவர்கள் தலையில் விழுமாம். போதாததற்கு மெழுகுவத்தி விளக்கிலிருந்து மெழுகும் சொட்டும்!

இதையெல்லாம் ரசித்துச் சொல்லலாம். ஆனால் அந்தக் கேலரியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். வசதியுள்ளவர்களுக்கு பாக்ஸ் எனும் தனித் தடுப்பு இருக்கைகள். கறுப்பினத்தவர் காசு கொடுத்தாலும் கேலரியில் மட்டும்தான் உட்காரலாம். நியூயார்க்கில் அடிமை முறை முழுதாக ஒழிந்ததே 1827-ல்தான்.

வில்லியம் பிரவுன் என்றொரு கறுப்பின மனிதர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர், கப்பலில் பணியாளராக இருந்தவர். நகரின் மற்ற பொழுதுபோக்குத் தோட்டங்களில் கறுப்பினத்தவரை விடுவதில்லை என்பதால், 1821 கோடையில் தன் வீட்டுக் கொல்லையிலேயே தேநீர், ஐஸ்கிரீம், இசை என்று ஒரு மாலை நேர இடம் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, அதை மூட வேண்டியதாயிற்று. சரி என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. வீட்டுக்குள்ளேயே மேடை போட்டார். ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தை கறுப்பின நடிகர்கள் நடித்தார்கள். ஜேம்ஸ் ஹியூலெட் அந்தக் குழுவின் பெரிய நட்சத்திரம்.

அப்புறம் பிரவுன் செய்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. 1822 ஜனவரியில் பார்க் தியேட்டருக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து நாடகம் போட்டார். விடுவார்களா? போலீஸ் வந்து நடிகர்களைப் பிடித்துப் போனது. இனி ஷேக்ஸ்பியர் நடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகே விட்டார்கள் என்று அன்றைய பத்திரிகை எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு கும்பல் அரங்குக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. பிரவுனுக்கும் அடி விழுந்தது.

அவர் நிறுத்தவில்லை. 1823-ல் தானே ஒரு நாடகம் எழுதி மேடையேற்றினார். செயின்ட் வின்சென்ட் தீவின் கறுப்புக் கரீபியர்கள் (ஆப்பிரிக்கரும் தீவின் பழங்குடியினரும் கலந்த வம்சத்தினர்) பிரிட்டிஷாரை எதிர்த்துப் போராடிய கதை அது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவர் எழுதி அரங்கேறியதாக நாம் அறிந்த முதல் நாடகம் அதுதான்.

அதே நகரத்தில் 1807-ல் பிறந்த ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற பையன் பார்க் தியேட்டரின் கேலரியில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவன். பிரவுனின் வட்டத்தோடும் தொடர்புள்ளவன். அமெரிக்காவில் தனக்கு மேடை கிடைக்காது என்று கப்பலேறினான். 1825-ல் லண்டன் மேடையில் ஷேக்ஸ்பியரின் நாயகன் ஒதெல்லோவாக நின்றான், பதினெட்டு வயதுகூட நிறையாமல்.