சுவரை உடைக்கும் முன்

வணக்கம் நேயர்களே. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் வேறு வீட்டுக்குப் போவதில்லை. சமையல்கட்டில் சோறு வெந்துகொண்டிருக்கும், அடுத்த அறையில் கொத்தனார் ஒயர் பைப் புதைக்கச் சுவரில் காடி எடுத்துக்கொண்டிருப்பார். குடியிருக்கும் வீட்டுச் சுவருக்குள் கரண்ட் ஓடுகிறது. அதன் தலைமேல் பாரம் உட்கார்ந்திருக்கிறது. உளியை வைக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

"மெயினை ஆஃப் பண்ணியாச்சு, தைரியமா உடைங்க" என்பார்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் இந்தத் தைரியம் ஆகாது. மெயினை இறக்கியதும், கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை லைட், ஃபேன் லைனுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். மெயினோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். வீட்டு லைனுக்குப் போகும் அதன் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிவிடுங்கள். டெஸ்டரையும் மெயினை இறக்கும் முன்பே ஒரு பிளக் பாயின்ட்டில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எந்த ஒயரில் வைத்தாலும் எரியாது. அதை நம்பிக் கை வைத்தால் என்ன ஆகும்?

ஒயர் பைப் பெரும்பாலும் சுவிட்ச் பாக்ஸிலிருந்து நேர் மேலே ஏறும், அல்லது பக்கத்து பாக்ஸுக்கு நேராகப் போகும். அந்தத் தடத்தின் இரு பக்கமும் அரை அடி விட்டு சாக்பீஸில் கோடு போட்டுவிடுங்கள். பழைய வேலைகளில் குறுக்கே இழுத்த பைப்பும் இருக்கும் என்பதால் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

வீட்டு லைன் அணைந்துவிட்டால் மெஷினுக்குக் கரண்ட்? மீட்டர் பக்கத்திலிருந்து தனியாக ஒரு தற்காலிக லைன் எடுக்கச் சொல்லுங்கள். அதில் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது. ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும். லோடு மிஞ்சினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்ச் இந்த வேலையைச் செய்யாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 30 மில்லி ஆம்பியர் எறும்புக்கடி கூட இல்லை. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது. தினமும் வேலை தொடங்கும் முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பிளக் இல்லாத ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இருபது, முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கச் செய்கிற வேலை! ஒரு பிளக் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கட்டிங் மெஷினின் கவரைக் கழற்ற விடாதீர்கள். 4 இஞ்ச் மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். அதில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டினால், பல் சிக்கிய கணத்தில் மெஷின் ஆள்மீதே திரும்பி எகிறும். காடித் தூசிக்குக் கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் வேண்டும்.

அடுத்து பாரம். தூண் இல்லாத பழைய வீட்டில் 9 இஞ்ச் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. 4½ இஞ்ச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஆனாலும் மாடியில் அதே இடத்தில் சுவர் நிற்கிறதா என்று ஏறிப் பாருங்கள். 9 இஞ்ச் சுவரில் புதிதாக வாசல் திறக்க இன்ஜினியர் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்லையும் உருவக்கூடாது. முதலில் இரண்டு பக்கமும் முட்டு, பிறகுதான் உடைப்பு. வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டம்தான் லிண்டல். அங்கேயே வார்க்கும் கான்கிரீட் லிண்டலுக்கு அடிமுட்டு 14 நாள் நிற்க வேண்டும். பலகைக்கு வாடகை ஏறுகிறது என்று நாலாம் நாளே பிரிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. லிண்டலுக்கும் மேல்சுவருக்கும் நடுவே இடைவெளி விடாமல் கலவையை இறுக்கி அடைக்கவும் வேண்டும்.

உடைத்த கல்லை எங்கே போடுகிறார்கள் என்றும் பாருங்கள். வீட்டு அறைத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ உபயோகப் பாரத்துக்குத்தான், அதாவது ஆட்கள், சாமான்களின் எடைக்குத்தான், கணக்கிடுவது வழக்கம். ஒன்றரை அடி உயரம் குவித்த செங்கல் இடிபாடு 500 கிலோவைத் தாண்டிவிடும். பத்து சிமென்ட் மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதைவிட மோசம். மூட்டைகளைச் சுவரோரமாக, இரண்டு மூன்றுக்கு மேல் உயராமல் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். இடிபாட்டை அன்றன்றைக்கே சாக்கில் கட்டிக் கீழே இறக்கிவிட வேண்டும். மாடியிலிருந்து தூக்கி எறியக்கூடாது.

நன்றி, வணக்கம்.