நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சிக்கு மருந்தடிக்கும் முன் அடித்தண்டைப் பாருங்கள்

[காட்சி: படுவான்கரை வயல்வட்டையொன்றில் உழவு இயந்திரம். பின்னால் கொக்குக் கூட்டம்.]

ஐப்பசி மழை இறங்கியதும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை எங்கும் மாரிகால நெற்செய்கையான பெரும்போகத்துக்கு உழவு தொடங்கிவிடும். கலப்பை புரட்டிப் போடும் மண்ணிலிருந்து புழுவும் தவளையும் பிள்ளைப்பூச்சியும் வெளியே வர, கொக்குகள் இயந்திரத்தின் பின்னாலேயே நடக்கின்றன.

அவற்றுக்கு நடுவே சாம்பல் கலந்த வெள்ளையில், உயரமாக நிற்பது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிறதல்லவா? குஞ்சுகளுக்கு இது இருக்காது. வளர வளரத்தான் அலகு இப்படி வளையும்.

[காட்சி: அலகு, மிக அருகில்.]

சேற்றைத் துழாவி நத்தையைப் பிடித்ததும், கீழலகின் கூர்முனையை ஓட்டின் வாய்க்குள் செலுத்துகிறது. உடலை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்துச் சதையை உருவி எடுக்கிறது. வரம்போரம் கிடக்கும் வெற்று ஓடுகளைப் புரட்டிப் பாருங்கள், பல உடையாமலே இருக்கும்.

மாரி வலுத்ததும் தும்பிகள் பெருகும். மஞ்சளாக, ஓரிடத்தில் அமராமல் பறந்துகொண்டே இருக்கும் இனமொன்று கடல் கடந்து பயணம் செய்வது. வடக்கேயிருந்து வரும் உள்ளான் குருவியும் இந்த ஈரத்தை நம்பித்தான் இறங்குகிறது.

[காட்சி: பச்சை வயலின் நடுவே வட்டமாகக் கருகிய திட்டு.]

இனி, இந்த வீடியோவின் முக்கியமான பகுதி. நெற்பயிர் அடர்ந்து நிற்கும்போது இப்படித் தீய்ந்த வட்டங்கள் தெரிந்தால் அது அறக்கொட்டியின் வேலை. விவசாயத் திணைக்களத்தார் கபில நிறத் தத்தி என்பார்கள். நெல்மணியிலும் சிறிய பூச்சி. இலையில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். நெருக்கமாக விதைத்து, யூரியாவையும் அளவுக்கு மிஞ்சி எறிந்த வயலில் இது வேகமாகப் பெருகும்.

பூச்சியைக் கண்டவுடன் மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டுவதுதான் நம் வழக்கம். கைமுதலையெல்லாம் மண்ணில் போட்டவர் பதறுவது நியாயம். ஆனாலும் ஒரு நிமிடம் குனிந்து நெல்லை விலக்கிப் பாருங்கள்.

[காட்சி: அடித்தண்டில் ஓடும் சிலந்தி.]

முதுகில் கவட்டை போன்ற கோடு தெரிகிறதா? வலை பின்னாமல் ஓடியே இரை பிடிக்கும் சிலந்தி இது. ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரைகளைத் தின்னும். பச்சை நிறத்தில் சிறு நாவாய்ப்பூச்சி ஒன்றும் அங்கே திரியும். அது அறக்கொட்டியின் முட்டைகளைத் தேடிக் குடிக்கும்.

அறக்கொட்டி முட்டையிடுவது இலையுறையின் திசுவுக்குள். மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் முட்டையை எட்டுவதில்லை, சிலந்தியையோ கொன்றுவிடுகிறது. சில நாட்களில் முட்டைகள் பொரித்து வெளிவரும் குஞ்சுகளைத் தின்ன வயலில் யாருமில்லை. மருந்தடித்த பிறகு அறக்கொட்டி முன்னைவிட மோசமாகத் திரும்பி வருவது இதனால்தான். ஆசிய நெல் நாடுகள் பலவற்றில் 1970களிலேயே இதைக் கண்டறிந்துவிட்டார்கள்.

ஆகவே வயலின் குறுக்கே நடந்து பல இடங்களில் பாருங்கள். சிலந்தி நிறைய, அறக்கொட்டி கொஞ்சம் என்றால் பொறுங்கள். முடிந்தால் நீரை வடித்து அடியைச் சில நாள் காயவிடுங்கள். அறக்கொட்டி மிஞ்சிவிட்டது என்று தோன்றினால் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து காட்டி, அவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் மட்டும் அடியுங்கள். கடைக்காரரின் கலவையை நம்ப வேண்டாம்.

[காட்சி: அறுவடை முடிந்த வயல், மாலை.]

வெட்டு முடிந்தால் எலி, எலியைத் தேடி ஆந்தையும் சாரையும். வெல்லாவெளிப் பக்கம் யானைக்காக இரவிரவாகக் கண்விழிக்கும் காலமும் இதுதான்.

சித்திரையில் சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தும்போது ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள். கூடு என்று எதுவும் தெரியாது. மண் நிறத்தில், கரும்புள்ளிகளோடு பெரும்பாலும் நான்கு முட்டைகள் வெறுந்தரையில் கிடக்கும். நான்கு தடிகளை நட்டு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு உழுங்கள். அடைகாப்பது ஏறக்குறைய நான்கு வாரம். பொரித்த குஞ்சுகள் அன்றே எழுந்து நடந்துவிடும், அதன்பின் அந்தத் துண்டையும் உழுதுகொள்ளலாம்.