வாடாமல்லி மட்டும்: ஒரே நிறத்தில் ஒரு குட்டி க்வில்ட்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரு குட்டி க்வில்ட், அதாவது மேலே ஒட்டுப்போட்ட துண்டுகள், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்காகத் தைப்பது. முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம் துணிக்குப் போகலாம். மேட்சிங் சென்டரில் வாடாமல்லி நிறத்தில் டூ பை டூ ரவிக்கைத் துணி கால் மீட்டர் கேட்டேன். மீட்டருக்குக் குறைத்து வெட்ட மாட்டார்களாம். சரி அண்ணா, அரை மீட்டர்? அதுவும் முடியாதாம். அதுபோதாதென்று டியூப் லைட் அடியில் நாலு துணியை விரித்துப்போட்டு எல்லாமே வாடாமல்லிதான் என்கிறார். ஒன்று கத்தரிப்பூ, ஒன்று ராணி பிங்க், எனக்குக் கண் இல்லையா? வழக்கம்போல துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். 90 ரூபாய். எனக்கு வேண்டியது ஒரு கர்ச்சீப் அளவு. தொண்ணூறு ரூபாய்!

போன வீடியோவில் "ஒரே நிறத்தில் க்வில்ட்டா, போர் அடிக்காதா" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பத்து நிறம் இருந்தால் எதை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று கண்ணில் படும். ஒரே நிறம் என்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. அடர்த்தியும் வெளிறலும்தான் வேலை செய்தாக வேண்டும். அதனால் துண்டுகளைத் தரையில் பரப்பி போனில் படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தைத்த பிறகும் மொத்தையாகத்தான் இருக்கும். எனக்கு வெளிறிய துண்டு போதவில்லை. புதுசு வாங்கவில்லை, அச்சுத்துணியைப் புரட்டி பின்பக்கத்தை மேலே வைத்தேன், அவ்வளவுதான்.

துணிகள் என்னென்ன என்றால், அம்மாவின் பழைய சுங்குடி, டெய்லர் அக்கா கடையில் சும்மா கொடுத்த வெட்டுத்துண்டுகள், என் கிழிந்த பட்டுப்பாவாடை. இந்தப் பாவாடையைப் பற்றி நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடை நூல் நீலம், இரண்டும் சேர்ந்துதான் கண்ணுக்கு வாடாமல்லி. சதுரமாக வெட்டி ஒன்றை நேராகவும் அடுத்ததைப் பக்கவாட்டில் திருப்பியும் வைத்தேன். ஒரே துணிதான் மக்களே, ஆனால் ஒரு கட்டம் சிவந்து தெரிகிறது, பக்கத்துக் கட்டம் நீலம் பூசிக்கொண்டு நிற்கிறது. நடந்துகொண்டே பார்த்தால் இரண்டும் இடம் மாறுகின்றன! இதைக் கேமராவில் காட்ட முடியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அட, அளவு சொல்லவே இல்லையே. 12 அங்குலத்துக்கு 12 அங்குலம். தையலுக்குக் கால் அங்குலம் விட்டேன். பட்டு பிரிந்து பிரிந்து வரும், அதனால் வெட்டும் முன்பே அடியில் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ் கொடுத்துவிடுங்கள். நடுவில் வைக்க பாலியஸ்டர் பஞ்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, உப்பிக்கொண்டு தலையணை மாதிரி நிற்கும். பழைய பருத்திப் போர்வையில் ஒரு துண்டு போட்டேன். மூன்று அடுக்கையும் நூலோட்டிப் பிடித்துவிட்டு, மேலே கையால் ஓட்டுத்தையல். சுங்குடிப் புள்ளிகள் இருந்த இடத்தில் மட்டும் புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போனேன். ஓரத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்துத் தைத்தேன், அந்தத் தொண்ணூறு ரூபாய் துணி அதற்குத்தான்.

இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: பருத்தித் துணிகளை வெட்டும் முன் தனித்தனியாக அலசுங்கள். இந்த நிறம் சாயம் விடும். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்று எழுதாதீர்கள், கடைத்துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயம் உப்புக்கெல்லாம் அடங்காது. தண்ணீர் தெளியும் வரை அலசுவதுதான் வழி. பட்டைத் தண்ணீரில் போடவே இல்லை, தைத்து முடித்த பிறகும் இதைத் துவைக்கப் போவதில்லை. அப்புறம் "வாடாமல்லிப் பூவிலேயே சாயம் எடுக்கலாமே அக்கா" என்கிறீர்கள். பூ மாதக்கணக்கில் வாடாது, நிஜம்தான். ஆனால் அதில் இருப்பது பீட்ரூட்டில் இருக்கும் நிறமியின் இனம், பீட்டாசயனின். துணியில் நிற்காது. வெயில் பட்டால் வெளுக்கும், சோப்பு பட்டால் ஓடும். சாயங்காலம் மாலை கட்ட அந்தப் பூவை விட்டுவிடுங்கள்.

விலைக்குத் தருவீர்களா என்று கேட்பவர்களுக்கு, மாட்டேன். பின்பக்கம் மேலே ஒரு குழல் தைத்து அதில் குச்சி நுழைத்து மாட்டப் போகிறேன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஆகாது, நிறம் போய்விடும். வெயில் படாத சுவர் எங்கள் வீட்டில் ஒன்றுதான், அதில் அப்பாவின் தினசரி காலண்டர் தொங்குகிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது.