மலை ரயிலோட நீராவி எஞ்சினை ஓட்டிக்கிட்டே எப்படிக் காப்பாத்துறாங்க?

[காட்சி: காலை நேரம், மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். புகைக்கு நடுவில் நீல நிற எஞ்சின்.]

இது எக்ஸ் கிளாஸ் எஞ்சின். நீலகிரி மலைக்காகவே ஸ்விட்சர்லாந்துல விண்டர்தூர்ல இருந்த எஸ்.எல்.எம். கம்பெனி செஞ்சு அனுப்பின ரகம். முதல் எஞ்சின்கள் 1914-ல செஞ்சது, கடைசியா வந்தது 1952-ல. அந்தக் கம்பெனி இன்னைக்கு இல்ல. ஒரு போல்ட் உடைஞ்சாக்கூட, ஸ்பேர் கேட்டு யாருக்கும் கடிதம் போட முடியாது.

ஆனா எஞ்சின் ஓடுது. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரயிலைத் தள்ளிக்கிட்டே ஏறுது. ஆமா, இழுக்கிறதில்ல. பெட்டி எதுவும் கழண்டு கீழ உருண்டுடக் கூடாதுன்னு எஞ்சின் எப்பவும் இறக்கத்துப் பக்கம்தான் நிக்கும்.

[காட்சி: தண்டவாளத்துக்கு நடுவில் பல் பட்டைகள், நெருக்கத்தில்.]

12 அடி போனா 1 அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிடும். அதனால நடுவுல ரெண்டு பல் பட்டை. ஒண்ணோட பல்லுக்கு நேரா இன்னொண்ணோட பள்ளம் வர்ற மாதிரி பதிச்சிருக்காங்க. எஞ்சினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் எந்த நொடியிலயும் பிடியை விடாது.

[காட்சி: ஷெட். பாய்லரின் முன்கதவு திறந்திருக்கிறது.]

சரி, பராமரிப்புக்கு வருவோம். நீராவி எஞ்சின்ல உயிர் பாய்லர்தான், ஆபத்தும் அதுதான். தண்ணியில இருக்கிற உப்பு உள்ளே காரையாப் படியும். அதை அப்பப்போ கழுவி எடுக்கணும். அரிச்சுப்போன குழாய்களை உருவிட்டுப் புதுசு போடணும். அப்புறம் பச்சைத் தண்ணியை நிரப்பி, வழக்கமான அழுத்தத்துக்கு மேலயே ஏத்திப் பாப்பாங்க. பலவீனமான இடம் இருந்தா தண்ணி கசியும், அவ்வளவுதான். அதே இடம் நீராவியில விட்டுப்போனா வெடிச்சிடும்.

பாய்லருக்குள்ள நெருப்பு எரியுற பெட்டிதான் ஃபயர்பாக்ஸ். அதோட கூரையில ஒரு சின்ன பிளக் இருக்கு, நடுவுல ஈயம். தண்ணி மட்டம் கூரைக்குக் கீழ இறங்கினா ஈயம் உருகி, நீராவி நெருப்பு மேல பீறிடும். டிரைவருக்கு அதுதான் கடைசி எச்சரிக்கை. இந்த மலையில பாய்லரே சாஞ்சுதான் போகுது, உள்ளே தண்ணியும் ஒரு பக்கமா ஒதுங்குது. அதனால தண்ணி மட்டத்தைக் காட்டுற கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

[காட்சி: திருச்சி பொன்மலை பணிமனை.]

ஷெட்ல முடியாத பெரிய வேலைக்குப் பொன்மலை. 2011-ல அங்கேயே புது எக்ஸ் கிளாஸ் எஞ்சின் செஞ்சாங்க. ஆயில்ல எரியுறது, ஆனா அதே பல்சக்கரம், அதே அமைப்பு. "புதுசா செஞ்சா அது எப்படிப் பாரம்பரியம் ஆகும்?"னு சிலர் கேக்குறாங்க. நான் இப்படித்தான் பாக்குறேன்: மியூசியத்துல நிக்கிற எஞ்சின்ல இரும்பு மட்டும்தான் மிஞ்சும். பாய்லர்ல புதுக் குழாய் மாட்டும்போது அதோட முனையை எவ்வளவு விரிச்சா கசியாது, எவ்வளவுக்கு மேல போனா கீறல் விடும்னு ஒரு ஃபிட்டரோட கைக்குத் தெரியும். அந்தக் கைக்கு வேலை இருக்கணும். 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்ததும் ஓடுற ரயிலைத்தான்.

[காட்சி: கல்லாறு. எஞ்சினின் பக்கவாட்டு, நெருக்கத்தில்.]

இந்தப் பக்கம் மேலயும் கீழயுமா ரெண்டு சிலிண்டர் தெரியுதா? சமதளத்துல கீழ இருக்கிறது மட்டும்தான் வேலை செய்யும். பல் பட்டை ஆரம்பிச்சதும், கீழ வேலை முடிச்ச அதே நீராவி மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுத்தும். அடுத்த தடவை போனா, கல்லாறுல ஜன்னலை மூடாதீங்க. சத்தம் மாறும்.