கேமராவை மீறிய அக்காவும் மறுநாள் காலையும் (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மண்டபம் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் கூடம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அங்கே 80 பெண்கள் வேலை செய்கிறார்கள். இந்த ஆண்டு அந்தக் கூடத்தில், சதையோடு ஓட்டுத் துண்டு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கேமரா ஒன்றை வைத்திருக்கிறார்கள்; ஒவ்வொருவரும் மணிக்கு எவ்வளவு எடுக்கிறார் என்று கணக்கிட்டு அவர்களை வரிசைப்படுத்தும் மென்பொருளும் அதனோடு வந்திருக்கிறது. கேமரா சரி என்று விட்ட ஒரு தட்டை மூத்த அக்கா ஒருவர் முகர்ந்து பார்த்து, நெடி அடிக்கிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டார். சோதித்துப் பார்த்ததில் அந்தத் தட்டில் குறை ஒன்றும் இல்லை. ‘செயற்கை நுண்ணறிவு புகுந்த இடத்தில் மனிதரை நடுவில் வைத்து வழிநடத்த வேண்டும் என்று அடிக்கடி சொல்கிறீர்கள், அப்படியானால் நான் கேமராவை நம்புவதா, அக்காவை நம்புவதா?’ என்பதுதான் அந்தத் தம்பியின் கேள்வி.

இதற்கு விடை சுருக்கமானது. ஓட்டுத் துண்டைக் கண்டுபிடிப்பதில் கேமராவை நம்புங்கள். மாலை நான்கு மணிக்கும் அதற்குக் கண் அசராது. ஆனால் நண்டை வேகவைக்கத் தாமதமானதா, வரும் வழியில் ஐஸ் கரைந்துபோனதா என்பதை அதனால் அறிய முடியாது, ஏனென்றால் அதற்கு மூக்கு இல்லை. 20 ஆண்டுகளாக நண்டு உடைத்தவரின் மூக்கு அந்த வேலையைச் செய்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அந்த அக்கா தவறாக ஒதுக்கினார் என்று தெரிந்த மறுநாள் காலையில் அவருக்கு என்ன நடந்தது? தம்பி அதை எழுதவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு, கலாம் அவர்களும் சதீஷ் தவான் அவர்களும் வரும் நிகழ்ச்சி மனப்பாடமாகவே இருக்கும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் தோற்றபோது, இஸ்ரோவின் தலைவர் தவான் தாமே செய்தியாளர்களின் முன் அமர்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பிவைத்தார். இந்த அளவோடு நிறுத்தி, தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நானே பலமுறை முடித்திருக்கிறேன். இன்றைக்கு அதே நிகழ்ச்சியின் முன்பாதியைச் சொல்ல வேண்டும். அது நம் தம்பிக்காகவே நடந்ததுபோல் இருக்கிறது.

தோற்ற அந்த 1979 ஆகஸ்ட் நாளில், ஏவுவதற்குச் சற்று முன்பு, கணினி தானாகவே ஏவுதலை நிறுத்தி வைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருப்பது தெரிந்தது. உடனிருந்த வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்து, கசிந்தது போக மிஞ்சியிருப்பதே போதும் என்றார்கள். திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த கலாம், நம் ராமேசுவரத்துக்காரர், கணினியை ஒதுக்கிவிட்டு ஏவும் முடிவை எடுத்தார். முதற்கட்டம் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ஏவுகலம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இதைக் கலாம் அவர்களே மேடைகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள். அன்று இயந்திரம் சொன்னதுதான் சரி, மனிதர் எடுத்த முடிவுதான் தவறு. தவான் கலாமுக்கு முன்னால் வந்து நின்றது, கலாம் சரியாக முடிவெடுத்து விதிவசத்தால் தோற்ற நாளில் அல்ல. கணினியின் எச்சரிக்கையை மீறி, அந்த மீறல் தவறென்று உலகத்துக்கே தெரிந்த நாளில். சரியாக மீறியவரைப் பாராட்ட எந்த முதலாளிக்கும் சிரமம் இருக்காது. தவறாக மீறியவரை அடுத்த முறையும் அதே நாற்காலியில் உட்கார வைப்பதற்குத்தான் தலைவர் தேவைப்படுகிறார். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் அதே கலாம்தான் இருந்தார்.

நான் தவானைப் போல நடந்துகொண்டவன் அல்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளவயதில் வேறோர் ஊரில், மீன் பெட்டிகளை வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். அப்போது செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் வெப்பநிலையைக் காட்டும் திரை ஒன்று இருந்தது, அதற்கு நாங்கள் சாமிக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுத்தோம். திரையில் மைனஸ் 18 என்று இருக்கும்போதே, ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்ட ஒரு தொழிலாளி கதவைத் திறந்து பெட்டிகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டார். பார்த்தால் ஒன்றும் கெடவில்லை. நான் அவருடைய பெயரை எழுதி மேலே அனுப்பினேன். அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு, வெப்பநிலையை அளக்கும் உணரியைப் பனி மூடிக்கொண்டு அது பழைய அளவையே காட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே சரக்கு இளகத் தொடங்கியிருந்தது. பெட்டிகள் நனைந்திருந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூவரும் வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு ஒருவர், ‘அவருக்கு என்ன ஆனதுன்னு பார்த்தோமே, சார்’ என்றார். அந்தச் சரக்கு கெட்டதற்கு உணரியைக் குறை சொல்லி நான் எழுதிய அறிக்கை அழகாகத்தான் இருந்தது.

இதையே நம் கடற்கரையில் வேறு விதமாகப் பார்க்கலாம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. மேகம் மூடிவிட்டால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது; அன்றைக்குப் பழைய அறிவுதான் துணை. அறிவிப்பு வந்த நாளிலும், காற்று மேற்கிலிருந்து வீசும் கச்சானா, வடக்கிலிருந்து வீசும் வாடையா என்று பார்த்து, அங்கே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் படகில்தான் இருக்கிறார். அவர் முடிவு பிசகி மீன்பாடு இல்லாமல் திரும்பினால், டீசலும் ஐசும் போக மிஞ்சுவதைப் பங்கு பிரிக்கும்போது எல்லோருடைய பங்கும் குறைகிறது. படகு முதலாளியான சம்மாட்டியின் பங்கும் சேர்ந்தே குறைகிறது. பங்கு முறையில் எத்தனையோ சண்டைகள் உண்டு, அதை நான் பொன்னாக்கிக் காட்டவில்லை. ஆனால் நட்டத்தை முடிவெடுத்தவர் ஒருவர் தலையிலேயே கட்டும் வழக்கம் அதில் இல்லை. உங்கள் கூடத்து மென்பொருளோ அதைத்தான் செய்கிறது, தம்பி. அக்கா ஒரு தட்டை ஒதுக்கிய அந்த ஐந்து நிமிடத்தில் அவருடைய கிலோக் கணக்கு இறங்கி, வரிசையில் அவர் பெயர் கீழே போயிருக்கும். நீங்கள் வாய் திறந்து கண்டிக்கவே தேவையில்லை, அது கண்டித்து முடித்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி, 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்து, பகுதி பகுதியாகச் செயல்படத் தொடங்கியிருக்கும் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஊழியர்களின் திறனைக் கண்காணித்து மதிப்பிடும் முறைகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்துகிறது. அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனம், மேற்பார்வையை ஒப்படைக்கும் மனிதருக்குத் தகுதி, பயிற்சி, அதிகாரம் ஆகியவற்றோடு ஆதரவும் இருக்க வேண்டும் என்கிறது. மண்டபத்துக் கூடத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அந்த நான்காவது சொல்லுக்காக அதைப் படித்த நாளில் மகிழ்ந்தேன். முதல் மூன்றையும் ஆணையாக எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். ஆதரவை அப்படிக் கொடுக்க முடியாது. தட்டு தவறாக ஒதுக்கப்பட்ட மறுநாள் காலை நீங்கள் அந்த மேசைக்குப் போய் நின்றால்தான் அது இருப்பதே அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

ஆகவே தம்பி, ஒதுக்கிய தட்டுக்கு ஆகும் நேரத்தை வரிசைக் கணக்கிலிருந்து நீக்கும்படி மென்பொருள் கொடுத்தவரிடம் கேளுங்கள். அவர் முடியாது என்றால், அந்த வரிசையைச் சுவரில் ஒட்டுவதையாவது நிறுத்துங்கள். ஒதுக்கிய தட்டுகளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையெழுத்தை இடுங்கள், அக்காவின் கையெழுத்தைக் கேட்காதீர்கள். அன்று அவருக்கு என்ன நெடி அடித்தது என்பதை உட்கார்ந்து கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள்; அந்த நண்டு எந்தப் படகில் வந்தது, எப்போது வெந்தது என்று பின்னால் தேடிப் பார்க்க உதவும். ஒரு மாதம் கழித்து, எத்தனை தட்டுகள் ஒதுக்கப்பட்டன, அவற்றில் எத்தனை தவறாக ஒதுக்கப்பட்டவை என்று எனக்கு எழுதுங்கள். தவறானவை பத்து இருந்தால் கவலை இல்லை. ஒரு தட்டுகூட ஒதுக்கப்படவில்லை என்றால் அன்றைக்கே எழுதுங்கள், நானே மண்டபத்துக்கு வருகிறேன்.