மோசமான 300 கிலோமீட்டருக்கு ஒரு வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

தேனி, போடி, கம்பம் பக்கமும், மலைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளிலும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் சிலருக்காவது, மோட்டார் சைக்கிளில் நாடு விட்டு நாடு போக வேண்டும் என்ற ஆசை இருக்கும். நேபாளத்தோடு திரும்பிவிடாமல், மத்திய ஆசியா, துருக்கி, ஐரோப்பா என்று நீள்கிற பயணம். அப்படிக் கிளம்ப நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சிசி வண்டி வாங்கலாம்?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் வழியை ஒரு தாளில் எழுதுங்கள். வழியில் பெரும்பகுதி தார்ச்சாலையாகத்தான் இருக்கும். அதில் எந்த வண்டியும் ஓடும். மீதியில் மிக மோசமான 300 கிலோமீட்டர் எது என்று தேடிக் கோடு போடுங்கள். வண்டியை முடிவு செய்ய வேண்டியது அந்த 300 கிலோமீட்டர்தான்.

உதாரணத்துக்கு, தஜிகிஸ்தானில் எம்41 என்று எண் இட்ட பாமீர் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். கோரோக் என்ற ஊரிலிருந்து முர்காப் வரை ஏறக்குறைய 310 கிலோமீட்டர். பல இடங்களில் தார் பெயர்ந்து வெறும் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும். முர்காப் தாண்டி வடக்கே போனால் அக்-பைத்தால் கணவாய், உயரம் 4,655 மீட்டர். நம் ஆனைமுடி 2,695 மீட்டர்தான்; அதற்கும் மேலே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் அதிகம். காற்று குறைந்தால் இன்ஜினின் இழுவையும் குறையும். கீழே 40 குதிரைத்திறன் கொடுக்கிற இன்ஜினிடம் அங்கே 24, 25-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மனிதனுக்கும் மூச்சு வாங்கும். அந்த இடத்தில் வண்டி சரளையில் வழுக்கி விழுந்தால், தனி ஆளாக அதைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

அதனால் நான் எடையிலிருந்து தொடங்குகிறேன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 160 கிலோ. ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450, பெட்ரோலோடு 196 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 250 கிலோவை ஒட்டி வரும். இதன் மேல் 35, 40 கிலோ சாமான். வாங்குவதற்கு முன்பே தூக்கிப் பாருங்கள். தெரிந்தவரிடம் அதே வண்டி இருந்தால், புல்தரையில் பழைய மெத்தையைப் போட்டு அதன்மேல் வண்டியைச் சாய்த்து வையுங்கள். கியரில் போடுங்கள், உருளாது. வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே நீட்டிப் போட்டுவிடுங்கள்; இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் போய் விழும். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுக்க ஒடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில்பாரிலும் மறு கை பின்பக்கக் கம்பியிலும் பிடித்து, இடுப்பை வளைக்காமல் கால் பலத்தில் பின்னோக்கி நடந்து எழுங்கள். அடுத்தடுத்து மூன்று தடவை தூக்க முடிந்தால் அந்த வண்டி உங்களுக்கானது. ஒரே தடவையில் மூச்சிரைத்தால் சிசியைக் குறையுங்கள்.

சீட் உயரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷோரூமில் வெறும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கால் எட்டுகிறது என்று திருப்திப்பட்டால் போதாது. தடித்த பூட்ஸ் போட்டு, சாமான் ஏற்றி, சரிவில் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். டேங்க் பெரிதாக இருந்தால் நல்லது என்பது பாதி உண்மை. லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பது மறு பாதி. சமவெளியில் லிட்டருக்கு 30 கொடுக்கிற வண்டி, சரளை, ஏற்றம், எதிர்காற்று, சுமை எல்லாம் சேர்ந்தால் 22-க்கு இறங்கிவிடும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 17 லிட்டர் டேங்கில் 374 கிலோமீட்டர். பம்ப் உறிஞ்ச முடியாமல் அடியில் நிற்கிற ஒரு லிட்டரைக் கழித்தால் 350 சொச்சம். கோரோக்–முர்காப் 310-க்குப் போதும். 13 லிட்டர் டேங்க் உள்ள சின்ன வண்டி அதே சாலையில் 28 கொடுத்தால் அதுவும் 364 கிலோமீட்டர்தான். 20 லிட்டர் டேங்க் உள்ள பெரிய வண்டி 18 கொடுத்தால் 360. மூன்றும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன! ஆகவே டேங்கின் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை, தேவைப்படுகிற அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

பெட்ரோலின் தரமும் முக்கியம். மத்திய ஆசியாவில் உள்ளொதுங்கிய ஊர்களில் பீப்பாயிலிருந்து வாளியில் ஊற்றித் தருவார்கள். உஸ்பெகிஸ்தான் பக்கம் 80 ஆக்டேன் என்ற மட்டமான பெட்ரோல்கூடப் புழங்கியிருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது காற்றையும் பெட்ரோலையும் உள்ளே நசுக்கும் விகிதம், அதிகமான இன்ஜின் இதைக் குடித்தால் 'டக் டக்' என்று உள்ளே தட்டும். ஹிமாலயன் 450-இன் கம்ப்ரஷன் 11.5-க்கு 1, பழைய ஹிமாலயன் 411-இல் அது 9.5-க்கு 1. மட்டமான பெட்ரோலைப் பொறுத்துக்கொள்வதில் பழைய இன்ஜின்தான் கெட்டி. உயர் கம்ப்ரஷன் வண்டியில் போகிறவர்கள், தட்டும் சத்தம் கேட்டால் ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம்மை மேலே வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் திறந்து ஓட்ட வேண்டும். அடுத்த ஊரில் நல்ல பெட்ரோல் கிடைத்ததும் கலந்துவிட வேண்டும்.

"கார்புரேட்டர் வண்டிதானே வழியில் ரிப்பேர் செய்ய வசதி?" என்று கேட்பவர்கள் உண்டு. சுத்தம் செய்வது எளிது, உண்மைதான். ஆனால் உயரம் ஏற ஏறக் காற்று குறையும்போது கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பிளக் கரி பிடிக்கும், வண்டி திணறும். பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி சென்சார் மூலம் காற்றழுத்தத்தை அறிந்து தானே குறைத்துக்கொள்ளும். நான் இன்ஜெக்ஷன் பக்கம்தான். அதன் பலவீனம் டேங்குக்குள் இருக்கும் பம்ப். அழுக்குப் பெட்ரோலில் பம்பின் அடியிலுள்ள வலை அடைத்துக்கொள்ளும். அறிகுறி இதுதான்: டாப் கியரில் இழுவை போகும், கொஞ்ச தூரம் ஓடியதும் நிற்கும், ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அந்த வலை ஒன்றும், முடிந்தால் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். வாளிப் பெட்ரோலைத் துணியில் வடிகட்டாமல் டேங்கில் விடவே கூடாது.

சுமை விஷயத்தில் நம் ஊர் டிவிஎஸ் எக்ஸ்எல் ஒரு நல்ல ஆசிரியர். காய்கறி மூட்டையை ஏற்றுகிறவர்கள் அதை எங்கே வைக்கிறார்கள்? முதல் மூட்டை கால் வைக்கும் இடத்தில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், தரைக்குப் பக்கத்தில். பயண வண்டியிலும் அதே கணக்குத்தான். கனமானவை, அதாவது டூல்ஸ், உதிரிபாகம், தண்ணீர் எல்லாம் பின் சக்கர அச்சுக்கு முன்னாலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். பலர் செய்கிற தவறு, 10 கிலோ பெட்டியைப் பின் சீட்டுக்கும் பின்னால் உயரத்தில் கட்டுவது. குழியில் விழும்போதெல்லாம் அது நெம்புகோல்போல் பின்புறச் சட்டத்தை ஆட்டும். கேரியர் சட்டத்தோடு சேர்கிற வெல்டிங்கில் முதலில் மயிரிழை விரிசல், பிறகு முறிவு. இரும்புச் சட்டம் என்றால் எந்தச் சிற்றூரிலும் வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடலாம். அலுமினியம் என்றால் ஆர்கன் வெல்டிங் செய்பவரைத் தேட வேண்டும். மலைநாட்டில் அவர் கிடைப்பது அரிது. வண்டி பார்க்கும்போது பின்சட்டம் எந்த உலோகம் என்று கேளுங்கள். அது போல்ட் போட்டுக் கழற்றும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின் ஸ்பிரிங்குக்கும் ஒரு அளவு உண்டு. சாமான் ஏற்றி, ஆளும் உட்கார்ந்த பிறகு, மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். 200 மில்லிமீட்டர் அசைவுள்ள வண்டியில் 60 முதல் 70. அதைவிட அதிகம் அமுங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்பே அழுத்தி வைக்கும் அளவை, கூட்டுங்கள். கடைசி வரை கூட்டியும் நிற்கவில்லை என்றால் ஸ்பிரிங்கையே மாற்றியாக வேண்டும். செயினையும் இந்தச் சுமையோடுதான் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் சரியாகத் தெரிகிற செயின், சுமையில் சஸ்பென்ஷன் அமுங்கியதும் விறைத்துக்கொள்ளும். விறைத்த செயின், முன் ஸ்பிராக்கெட்டைத் தாங்கியிருக்கும் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

சக்கரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: கம்பிச் சக்கரம். அலாய் உடைந்தால் உடைந்ததுதான். கம்பிச் சக்கரம் வளைந்தால் நிமிர்த்தலாம். வாரம் ஒரு முறை ஸ்போக்ஸை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள். கிணீர் என்று கேட்டால் இறுக்கம் சரி; மொத்தென்று கேட்டால் தளர்ந்திருக்கிறது. டியூப் வண்டி என்றால் முன் சக்கரத்தின் 21 அங்குல டியூபை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதைப் பின் சக்கரத்திலும் மடித்துத் திணித்து அடுத்த ஊர் போய்ச் சேரலாம். பின் டியூபை முன்னால் அப்படிப் போட முடியாது. டயர் கழற்றும் லீவர் மூன்று, பஞ்சர் சாமான், கைப்பம்பு. சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டி மாட்டுவதை வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை செய்து பழகாமல் கிளம்பாதீர்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. இன்ஜினை 4,000 ஆர்பிஎம்மில் வைத்து மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெக்டிஃபயரை. உள்ளங்கை அளவுதான், உபரியாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். புது கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல், பழையதை ஒட்டியே ஓடவிட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். அறுந்த இடத்தில் இரண்டு முனையை மாற்றினால் போதும்.

காகித விஷயமும் வண்டித் தேர்வைத் தொடும். ஈரான் போன்ற நாடுகளுக்குள் வண்டியைக் கொண்டுபோக 'கார்னே' என்ற சுங்கப் புத்தகம் வேண்டும். இந்தியாவில் மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதை வழங்குகிறது. ஒரு வருடம் செல்லும். இதற்குக் கட்டுகிற பிணைத்தொகை வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. விலை உயர்ந்த வண்டிக்கு அதிகப் பணம் முடங்கும். வண்டி லோனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நாட்டை விட்டு வெளியேறும்போது முத்திரை வாங்க மறந்தால், வண்டி அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி முழுச் சுங்கவரியும் கேட்பார்கள். எத்தனை களைப்பானாலும் அந்த முத்திரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

நிலவழி அடைபட்ட இடங்களில் விமானத்தில் அனுப்ப நேரும். அங்கே கட்டணம் எடைக்கு மட்டும் இல்லை. பெட்டி அடைக்கிற இடத்துக்கும் சேர்த்து. ஒரு கனமீட்டரை 167 கிலோவாகக் கணக்கிடுவார்கள். 2.2 மீட்டர் நீளம், 0.9 அகலம், 1.2 உயரமுள்ள மரப்பெட்டி என்றால் வண்டி 200 கிலோவாகவே இருந்தாலும் 397 கிலோவுக்குக் காசு. முன் சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடிகளைக் கழற்றிப் பெட்டியை 1.9, 0.75, 1.05 என்று சுருக்கினால் 250 கிலோவாகிவிடும். சின்ன வண்டிக்கு இங்கேயும் லாபம்.

எல்லாம் பார்த்து, தனியாகப் போகிற நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு 200 முதல் 450 சிசிக்குள் ஒற்றை சிலிண்டர் வண்டியைத்தான் சொல்வேன். இருவர் போவதானால் மட்டுமே 500-க்கு மேல் யோசிக்கலாம்.

வாங்கிய வண்டியைச் சோதிக்க நமக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பயணத்துக்கான மொத்தச் சாமானையும் கட்டிக்கொண்டு தேனியிலிருந்து போடி, அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலை, பழனி வழியாகத் திரும்புங்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வரும். சின்னாறு காட்டுப் பகுதியைப் பகலில் கடந்துவிடுங்கள். ஏற்றத்தில் கிளட்ச் கருகும் வாசனை வருகிறதா, இறக்கத்தில் பிரேக் தளர்கிறதா, குழியில் முன் ஃபோர்க் அடியில் போய் இடிக்கிறதா, கேரியர் போல்ட் எத்தனை தளர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் லாரி எடைமேடை ஒன்றில், டேங்க் நிரப்பி, சாமானோடு நீங்களும் உட்கார்ந்து எடை போடுங்கள். வண்டி கையேட்டில் மொத்த எடை வரம்பு அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் பெட்டியைப் பிரித்து, இந்த 300 கிலோமீட்டரில் ஒரு தடவைகூடத் தொடாத பொருள்களை, உதிரிபாகமும் மருந்தும் நீங்கலாக, வீட்டில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடைமேடைக்குப் போங்கள்.

நன்றி, வணக்கம்.